சரிவில் நிற்கும் வீட்டின் காப்புறுதிச் செலவு: சப்ரகமுவவின் நகர்ப்புறமும் தோட்டப்புறமும்

ஒரு வீட்டையும் அதனுள் இருக்கும் பொருள்களையும் காப்புறுதி செய்ய ஆண்டொன்றுக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விக்கு, இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தில் ஒரே தொகையில் விடை கூற இயலாது. ஒரே அளவில், ஒரே செங்கல்லால் கட்டப்பட்ட இரு வீடுகளில் ஒன்று களு கங்கையின் வெள்ளச் சமவெளியிலும், மற்றொன்று இறப்பர்த் தோட்டத்தைத் துண்டாக்கி விற்ற சரிவொன்றிலும் நிற்குமாயின், அவ்விரண்டுக்கும் நேரக்கூடிய தீங்குகள் வேறு. அத்தீங்குகளைக் காப்புறுதிக் கம்பெனி ஏற்கும் விதமும் வேறு. அவற்றுக்குச் சில மைல் தொலைவில், தோட்ட நிர்வாகத்தின் லயன் அறையொன்றில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கோ, கட்டடத்தைக் காப்புறுதி செய்யும் உரிமை இருக்கிறதா என்பதே முதற் கேள்வியாகிறது.

காப்புறுதிச் செலவு என்பது ஆண்டுதோறும் செலுத்தும் கட்டுப்பணம் மட்டுமே என்று கருதுவது வழக்கம். ஆயினும் இழப்பு நேரும்போது உரிமையாளரே தாங்கவேண்டிய பங்கும், ஒப்பந்தம் தொடக்கத்திலேயே விலக்கிவைத்த தீங்குகளால் விளையும் முழு இழப்பும் அச்செலவின் பகுதிகளே. இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, சப்ரகமுவவில் காப்புறுதியின் விலையை வீட்டின் சுவரையும் கூரையையும் விட, வீடு நிற்கும் நிலத்தின் சரிவும் அந்நிலத்துக்குரிய உறுதிப் பத்திரமுமே தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

காப்புறுதித் தொழிலும் வீடும்

பலர் சிறு தொகைகளைச் சேர்த்துவைத்து, அவர்களுள் யாருக்கு இழப்பு நேர்கிறதோ அவருக்கு அச்சேர்ப்பிலிருந்து கொடுப்பதே காப்புறுதியின் அடிப்படை. தோட்டப்புறத்தில் இத்தத்துவம் புதிதன்று. மாதந்தோறும் சந்தா சேர்த்து, உறுப்பினர் வீட்டில் இறப்பு நேரும்போது செலவுக்குக் கொடுக்கும் மரண உதவிச் சங்கங்கள் அதே கணக்கில்தான் இயங்குகின்றன. ஆயினும் அச்சங்கங்கள் தாங்கக்கூடியது ஒரு வேளையில் ஒரு வீட்டுக்கு நேரும் துயரையே; ஒரே இரவில் ஐம்பது வீடுகளை அழிக்கும் மண்சரிவைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லை. அத்தகைய பேரிழப்பை நாடெங்கும், நாடு கடந்தும் பரப்பிக் கொடுப்பதற்கே காப்புறுதிக் கம்பெனியும், அக்கம்பெனியையே காப்புறுதி செய்யும் மீள்காப்புறுதி நிறுவனங்களும் தேவைப்படுகின்றன.

இலங்கையில் 1962 இல் தொழிலைத் தொடங்கிய அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம், ஆயுட் காப்புறுதியை அடுத்துப் பொதுக் காப்புறுதியையும் தன் ஏகபோகத்துள் கொண்டுவந்தது. 1980களின் பிற்பகுதியில் தனியார் கம்பெனிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதித் தொழில் ஒழுங்குமுறைப்படுத்தற் சட்டத்தின் கீழ் அமைந்த சபையே இன்று இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு என்ற பெயரில் இத்துறையை மேற்பார்வை செய்கிறது. வாகனத்துக்குக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம் என்பதால் பொதுக் காப்புறுதியில் பெரும்பங்கு அதற்கே உரியது; வீட்டுக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. எனவே வீட்டுக் காப்புறுதியைப் பலர் முதன்முதலில் சந்திப்பது, வங்கியில் வீடமைப்புக் கடன் பெறும்போது வங்கி அதை நிபந்தனையாக விதிக்கும் வேளையிலேயே ஆகும். அவ்வாறு எடுக்கப்படும் ஒப்பந்தத்தின் முதல் நோக்கம் கடன் கொடுத்தவரைக் காப்பதாதலால், காப்புறுதித் தொகை சில வேளைகளில் நிலுவைக் கடனின் அளவுக்கே நின்றுவிடுகிறது. வீட்டுப் பொருள்களோ அதனுள் பெரும்பாலும் வருவதில்லை. கடன் தீர்ந்ததும் காப்புறுதியும் கைவிடப்படுவதுண்டு.

கட்டுப்பணம் கணிக்கப்படும் முறை

கட்டுப்பணம் என்பது காப்புறுதி செய்யும் தொகையை ஒரு வீதத்தால் பெருக்கி வருவது. அவ்வீதம் கட்டடத்தின் சுவர், கூரை, மின்னிணைப்பு, அயலில் உள்ள கட்டடங்கள், முன்னர் நேர்ந்த இழப்புகள், தெரிவுசெய்யும் மேலதிகக் காப்புகள் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அடிப்படைக் காப்பு பெரும்பாலும் தீயையும் மின்னலையும் மட்டுமே உள்ளடக்க, புயல், வெள்ளம், திருட்டு, குழாய் வெடிப்பு, கலகம் முதலியவை ஒவ்வொன்றாக அதனுடன் சேர்க்கப்படும். இவ்வாறு வரும் தொகையின் மீது பெறுமதி சேர் வரி விதிக்கப்படுகிறது. 2024 சனவரி 1 முதல் அதன் வீதம் 18 சதவீதமாகும்.

எவ்வளவு தொகைக்குக் காப்புறுதி செய்வது என்பதிலேயே முதற் குழப்பம் தோன்றுகிறது. காப்புறுதிக்கு உட்படுவது கட்டடம், காணி அன்று. இரத்தினபுரி நகரை அண்டி வாங்கிய 10 பேர்ச் காணியும் வீடும் சேர்ந்து பெறும் சந்தை விலையைக் காப்புறுதித் தொகையாகக் கொள்வது வீண் செலவாகும். மாறாக, பத்தாண்டுகளுக்கு முன்னர் வீட்டைக் கட்ட ஆன செலவை அப்படியே வைத்திருப்பது ஆபத்தானது. அதே வீட்டை இன்றைய கூலிக்கும் சீமெந்து, கம்பி, ஓடு ஆகியவற்றின் இன்றைய விலைக்கும் மீண்டும் கட்ட ஆகும் செலவே பொருத்தமான அளவுகோல். இடிபாடுகளை அகற்றும் செலவும் அதனுடன் சேரும். 2022 செப்டெம்பரில் இலங்கையின் ஆண்டுப் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டிய பின்னர், 2021 இல் குறித்த தொகையை மாற்றாமல் புதுப்பித்துவந்த ஒப்பந்தங்கள், பெயரளவில் முழு வீட்டைக் காப்பனவாயினும் உண்மையில் அதன் ஒரு பகுதியையே காத்துநின்றன.

இக்குறைபாட்டின் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். மீண்டும் கட்ட 80 இலட்சம் ரூபா ஆகும் வீட்டுக்கும் 12 இலட்சம் ரூபா பெறுமதியான பொருள்களுக்கும், எடுத்துக்காட்டுக்காக மட்டும் 0.15 சதவீதம் என்ற வீதத்தைக் கொண்டால், கட்டுப்பணம் 13,800 ரூபாவும் வரி 2,484 ரூபாவுமாகச் சேர்ந்து 16,284 ரூபா வரும். வீட்டுக்கு 80 இலட்சத்துக்குப் பதிலாக 50 இலட்சத்தை மட்டும் குறித்தால், வரியுடன் சேர்த்து ஆண்டுக்கு 5,310 ரூபா மிச்சமாகும். ஆனால் பல ஒப்பந்தங்களில் சராசரி விதி என்றொரு வாசகம் உண்டு: உண்மைப் பெறுமதியில் எந்தப் பங்குக்குக் காப்புறுதி செய்யப்பட்டதோ, இழப்பிலும் அந்தப் பங்கையே கம்பெனி கொடுக்கும் என்பது அதன் பொருள். அவ்வீட்டில் 16 இலட்சம் ரூபா சேதம் நேர்ந்தால், எட்டில் ஐந்து பங்காகிய 10 இலட்சமே இழப்பீடாகக் கணிக்கப்படும். அதன்மேல், ஒவ்வோர் இழப்பிலும் உரிமையாளர் தாங்கவேண்டிய தொகையாக 10 சதவீதம் கழிக்கப்பட்டால், கைக்கு வருவது 9 இலட்சமாகும். ஆண்டுக்கு ஐயாயிரம் ரூபாவை மிச்சப்படுத்திய முடிவு ஒரே இழப்பில் ஐந்து இலட்சத்துக்கு மேல் கொண்டுபோகக்கூடும் என்பதையே இக்கணக்குக் காட்டுகிறது.

மழையும் மண்ணும் நிர்ணயிக்கும் விலை

இலங்கையின் ஈரவலயத்திலும் மிகு மழை பெறும் பகுதிகளுள் சப்ரகமுவ ஒன்று. இரத்தினபுரியின் ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி 3,500 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை களு கங்கையையும் களனி கங்கையின் மேற்பகுதிகளையும் பெருக்கெடுக்கச் செய்ய, அதே மழை செங்குத்தான சரிவுகளின் மண்ணை ஊறவைத்துத் தளர்த்துகிறது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரியையும் அயல் மாவட்டங்களையும் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய பகுதியின் களுபஹன தோட்டத்தில் லயன் வரிசை மண்ணில் புதையுண்டது. 2017 மே இறுதியில் இரத்தினபுரியும் களுத்துறையும் மீண்டும் பெரும் அழிவைக் கண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழை மலையக மாவட்டங்களுடன் கேகாலையையும் தாக்கியது.

தீ விபத்து ஒரு வீட்டை அழிக்கும்போது அயல் ஊரில் இருக்கும் ஆயிரம் வீடுகள் பாதிப்பின்றி நிற்கும். ஆகவே அந்த ஆயிரம் கட்டுப்பணங்களால் ஒரு வீட்டை மீண்டும் கட்டிக்கொடுக்கலாம். வெள்ளமும் மண்சரிவும் இத்தன்மையன அல்ல; ஒரே நேரத்தில் ஒரே ஆற்றுப்படுகையின் எல்லா வீடுகளையும் தாக்குவன. இத்தகைய இழப்பைக் கம்பெனிகள் வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர்களிடமே பெரிதும் ஒப்படைப்பதால், அதன் விலை வெளிநாட்டு நாணயத்தில் தீர்மானமாகிறது. 2022 இல் டொலரொன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, இரத்தினபுரியில் மழை கூடாத ஆண்டிலும் இயற்கை அனர்த்தக் காப்பின் அடக்கவிலை உயர்வதற்கு அதுவே போதுமானதாயிற்று.

மண்சரிவைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தின் வாசகமே விலையை விட முதன்மையானது. இயற்கை அனர்த்தக் காப்பு என்ற தலைப்பின் கீழ் புயலும் வெள்ளமும் இடம்பெற்றிருக்க, நிலம் சரிதல், நிலம் தாழ்தல், அத்திவாரம் அமிழ்தல் ஆகியவை விலக்குகளின் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பது காப்புறுதி உலகெங்கும் காணப்படும் வழக்கம். மழைநீர் வீட்டினுள் புகுந்தால் இழப்பீடு உண்டு, அதே மழையால் பின்புற மண்மேடு சுவரைத் தள்ளினால் இல்லை என்ற நிலை இதனால் தோன்றும். சப்ரகமுவவின் சரிவுகளில் வீடு கட்டுவோர் மலையை வெட்டித் தளம் அமைப்பதால், வீட்டின் பின்னே பல அடி உயர மண்சுவர் தாங்குமதிலோ மேலிருந்து வரும் நீரை வழிமாற்றும் வடிகாலோ இன்றி நிற்பது வழக்கமாகிவிட்டது. இரத்தினபுரியின் பல பகுதிகளில் மாணிக்கக்கல் அகழ்வுக் குழிகளும் சுரங்கங்களும் குடியிருப்புகளை ஒட்டியே இருப்பதால், நிலம் தாழ்தல் அங்கு அருவமான சட்டச் சொல்லாக மட்டும் இருப்பதில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலயங்களை வரைபடமாக்கிவருவதோடு, அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன்னர் பரிந்துரை அறிக்கையும் வழங்குகிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல் நிலை எச்சரிக்கையும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறத் தயாராகும் நிலையும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறும் கட்டளையும் விடுக்கப்படுவது அதன் நடைமுறை. இந்நிறுவனத்தின் அறிக்கை காப்புறுதிக்கு இருவழியில் பயன்படுகிறது: சரிவு பாதுகாப்பானது என்று காட்டும் அறிக்கை மண்சரிவுக் காப்பைக் கேட்டுப் பேச இடமளிக்கிறது, அபாயம் என்று காட்டும் அறிக்கையை மறைத்து எடுத்த ஒப்பந்தமோ பின்னர் செல்லாமற் போகலாம். தீக் காப்புறுதியில் ஆங்கிலச் சட்டத்தை 1852 ஆம் ஆண்டின் குடியியற் சட்டக் கட்டளைச்சட்டம் வழியே பின்பற்றும் இலங்கையில், இடர் பற்றித் தாம் அறிந்த முக்கிய விடயங்களை விண்ணப்பதாரர் கேட்கப்படாமலே வெளியிட வேண்டும் என்ற அதியுயர் நம்பிக்கைக் கோட்பாடு இன்றும் வலுவுடன் நிற்கிறது.

கலகக் காப்பின் வரலாறு

இலங்கையின் வீட்டுக் காப்புறுதியில் வேலைநிறுத்தம், கலகம், குடியியற் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பு ஒரு தனிப் பகுதியாக நிற்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1977 இலும் 1981 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் தமிழருக்கு எதிராக எழுந்த வன்முறை, சப்ரகமுவவின் தோட்டங்களையும் கடைவீதிகளையும் தவறாமல் தொட்டது; 1981 இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளின் தோட்டக் குடும்பங்கள் லயன்களை விட்டு ஓட நேர்ந்தது. 1983க்குப் பின்னர் வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர் இவ்விடரை ஏற்கத் தயங்கியதால், 1980களின் பிற்பகுதியில் அரசே இதற்கென நிதியமொன்றை நிறுவியது. இன்று 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நிருவகிக்க, கம்பெனிகள் வாடிக்கையாளரிடம் திரட்டும் கட்டணம் அந்நிதியத்துக்குச் செல்கிறது. கட்டுப்பணச் சீட்டில் தனி வரியாகத் தோன்றும் இத்தொகையை நீக்கிச் செலவைக் குறைக்க முடியும். ஆயினும் சிறுபான்மையினர் செறிந்த பகுதிகளில் கடையோடு சேர்ந்த வீட்டை உடையவர்கள் அதை நீக்குமுன் இவ்வரலாற்றைக் கணக்கில் கொள்வது முறை.

உறுதிப் பத்திரம் இல்லாத வீடு

ஒரு பொருள் அழிந்தால் பண இழப்பு அடையக்கூடிய சட்டத் தொடர்பு எவருக்கு உண்டோ அவரே அதைக் காப்புறுதி செய்யலாம் என்பது காப்புறுதி உரித்து எனப்படும் கோட்பாடு. தோட்டக் குடும்பங்களின் நிலை இக்கோட்பாட்டின் முன் சிக்கலாகிறது. 1975 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டத்தால் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்குச் சென்றன. லயன்களும் அவற்றோடு சென்றன. அறையின் கூரையை மாற்றியவர், முன்புறம் சுவர் எழுப்பியவர், சமையற்கூடம் சேர்த்தவர் ஆகியோர் தம் கைப்பணத்தைச் செலவிட்டிருந்தாலும், கட்டடம் தமது என்று காட்டும் பத்திரம் அவர்களிடம் இல்லை. ஆகவே கட்டடக் காப்புறுதியை எடுக்கக்கூடிய நிலையில் இருப்பது நிர்வாகமே. அதை எடுத்தாலும் இழப்பீடு சேர்வது நிர்வாகத்துக்கே.

2015க்குப் பின்னர் தோட்டக் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி காணியும், அதில் 550 சதுர அடி தனிவீடும் என்ற கொள்கை முன்வைக்கப்பட்டது. இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகளுக்கான திட்டம் நடைபெற, 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவ்வீடுகளில் குடியேறுவோருக்குக் காணி உறுதி முறையாகக் கையளிக்கப்படும்போது காப்புறுதி உரித்தும் கூடவே பிறக்கிறது. உறுதி தாமதமாகும் ஆண்டுகளிலோ வீடு உண்டு, அதைக் காக்கும் ஒப்பந்தம் இல்லை என்ற நிலை நீடிக்கிறது. வங்கிக் கடனுக்கு ஈடு வைக்க முடியாமை என்ற கோணத்திலேயே காணி உரிமைக் கோரிக்கை பெரிதும் விவாதிக்கப்பட்டுள்ளது; காப்புறுதி செய்ய முடியாமையும் அதே குறையின் மற்றொரு முகம் என்பது போதிய கவனம் பெறவில்லை.

வீட்டுப் பொருள்கள்

கட்டடத்தின் மீது உரித்தில்லாதவருக்கும் தம் பொருள்களின் மீது முழு உரித்து உண்டு. ஆகவே லயன் குடும்பமோ வாடகை வீட்டில் இருப்பவரோ பொருள்களுக்கான காப்புறுதியைத் தனியாக எடுக்கச் சட்டத் தடை இல்லை. தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தையல் இயந்திரம், கட்டில், அலமாரி, பிள்ளைகளின் மடிக்கணினி என்று கணக்கிட்டால், எளிய வீடுகளிலும் சில இலட்சங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் பல தவணைக்கு வாங்கியவை என்பதால், பொருள் அழிந்த பின்னும் தவணை தொடரும்.

லயன்களில் தொடர்கூரையின் கீழ் பல அறைகள் அடுத்தடுத்து இருப்பதால், ஓர் அறையில் பிடித்த தீ முழு வரிசைக்கும் பரவுகிறது. இதனால் ஒவ்வொரு குடும்பத்தின் தீ இடரும் தன் கவனத்தை மட்டுமன்றி அயலாரின் கவனத்தையும் சார்ந்தது. கட்டுப்பண வீதம் அங்கு உயர்ந்திருப்பதற்கு இது காரணமாகலாம். மின்னல் மாகாணம் முழுவதற்கும் பொதுவான இடர். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னல் நேரடியாகத் தாக்கிய சேதம் அடிப்படைக் காப்பில் அடங்கினாலும், மின்கம்பி வழியாக வந்த மிகை அழுத்தத்தால் கருவி பழுதாவது தனிக் காப்பைக் கோரலாம் என்பதால், அந்த வாசகத்தை இங்கு கவனித்து வாசிக்கவேண்டும்.

தங்க நகையே பல குடும்பங்களின் சேமிப்பு. ஆனால் பொருள்காப்புறுதி நகைக்கும் ரொக்கத்துக்கும் பொதுவாகத் தாழ்ந்த உச்சவரம்பை விதிக்கும், அல்லது பெறுமதிச் சான்றுடன் தனிப்பட்டியல் கோரும். பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைக் கொடுக்கும் ஒப்பந்தமும், தேய்மானத்தைக் கழித்துக் கொடுக்கும் ஒப்பந்தமும் வெவ்வேறு விலையுடையன. ஆறாண்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டிக்கு இரண்டாவது வகை ஒப்பந்தம் தரும் தொகை புதியது வாங்கப் போதாது.

அரசின் காப்பு

2016 ஏப்ரலில் இலங்கை அரசு தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. வீட்டுக்காரர் எதையும் செலுத்தாமல், அரசே 30 கோடி ரூபா கட்டுப்பணம் செலுத்தி 1,000 கோடி ரூபா வரையிலான காப்பைப் பெற்றது. இத்திட்டத்தின் கீழ், வெள்ளம், மண்சரிவு போன்றவற்றால் சேதமுற்ற வீட்டுக்கும் பொருள்களுக்கும் 25 இலட்சம் ரூபா வரை இழப்பீடு வழங்க வகைசெய்யப்பட்டது. திட்டம் தொடங்கி இரண்டு மாதம் நிறைவதற்குள் அரநாயக்க அனர்த்தமும் கொழும்பு வெள்ளமும் நேர்ந்ததால், மறு ஆண்டில் 1,500 கோடி ரூபா காப்புக்கு 50 கோடி ரூபா கட்டுப்பணம் செலுத்த வேண்டியதாயிற்று.

தனியார் ஒப்பந்தங்கள் விலக்கும் மண்சரிவை ஏற்றது இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு. ஆயினும் கட்டுப்பணம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தின் தயவில் தங்கியிருப்பதும், சேத மதிப்பீடு கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியே நகர்வதும் அதன் வரம்புகளாகும். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்படும் வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் பணத்தைச் செலவிடுவதில் தடை இருந்தது என்பதை நினைத்தால், அரச நிருவாகத்தின் கை தோட்டப்புறத்தை எட்டுவதில் நிலவிய பழைய இடைவெளி இழப்பீட்டு விடயத்திலும் தன் நிழலை வீழ்த்துவது வியப்பன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்த தோட்டம் புதையுண்டதும், அவ்விடம் அபாயமானது என்று 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்ட எச்சரிக்கைகள் பயனற்றுப் போனதும் இதே இடைவெளியின் விளைவே.

அயல் நாடுகள் காட்டும் வழிகள்

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் விற்கவேண்டிய பொதுமாதிரி ஒப்பந்தமாக பாரத் கிருஹ ரக்ஷா நடைமுறையில் உள்ளது. அதில் மண்சரிவும் நிலம் தாழ்தலும் அடிப்படைக் காப்பிலேயே அடங்குகின்றன. கட்டடத் தொகையின் 20 சதவீதம், 10 இலட்சம் இந்திய ரூபா என்ற உச்சவரம்புடன், பொருள்களுக்குத் தானாகவே சேர்கிறது. குறைத்துக் குறித்ததற்காக இழப்பீட்டை வெட்டும் சராசரி விதியும் அதில் கைவிடப்பட்டுள்ளது. நியூசிலாந்தில் 1945 முதல் இயங்கும் அரச ஆணைக்குழு, வீட்டுக்குத் தீக் காப்புறுதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வரியைத் திரட்டி, நிலநடுக்கத்துக்கும் மண்சரிவுக்கும் இழப்பீடு தருகிறது. வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்கும் வரையறையுடன் கொடுப்பது அதன் தனித்தன்மை. பிரித்தானியாவில் 2016 இல் தொடங்கிய ஃப்ளட் ரீ, எல்லாக் கம்பெனிகளிடமும் வரி பெற்று, வெள்ள அபாயமுள்ள வீடுகளின் கட்டுப்பணம் கட்டுக்கடங்காமல் உயராதவாறு தாங்குகிறது. ஆனால் 2009க்குப் பின்னர் கட்டிய வீடுகளை அது ஏற்பதில்லை. அபாய நிலத்தில் புதிதாகக் கட்டுவோருக்கு மானியம் கொடுக்கக் கூடாது என்பதே அதன் நியாயம். காப்புறுதி மலிவாகும்போது அபாயச் சரிவில் வீடு கட்டும் ஆசையும் வளரும் என்ற எச்சரிக்கை சப்ரகமுவவுக்கும் பொருந்தும்.

இம்மூன்றுக்கும் அப்பால், உள்நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1970களின் இறுதியில் கேகாலை மாவட்டத்தின் வல்கமவில் புத்துயிர் பெற்ற சணச சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவு இயக்கம், பின்னர் தனக்கெனக் காப்புறுதி நிறுவனத்தையும் உருவாக்கிச் சிறு தொகைக் காப்புறுதியைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. தோட்டங்களிலோ தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளன. நூறு குடும்பங்களின் பொருள்களை ஒரே கூட்டு ஒப்பந்தத்தில் சேர்த்தால், ஒவ்வொருவரையும் தனித்தனியே தேடிப் பதிவுசெய்யும் செலவு குறைய, அதனால் கட்டுப்பணமும் குறையக்கூடும். மின்னிணைப்பைச் சீர்செய்தல், வடிகாலைத் துப்புரவாக்கல் போன்ற கூட்டுக் கடமைகளை வீதக் குறைப்புக்கான நிபந்தனையாக வைக்கவும் அவ்வொப்பந்தம் இடமளிக்கும்.

இழப்பீடு கோரும் வேளை

செலுத்திய கட்டுப்பணத்தின் உண்மையான மதிப்பு வெளிப்படுவது இழப்பீடு கோரும் நாளிலேயே. கொள்வனவுச் சீட்டுகள், வீட்டின் உட்புறப் புகைப்படங்கள், பொருள்களின் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகள் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருப்பது அவசியம். மண்ணில் புதைந்த வீட்டில் சான்றுகளும் புதைகின்றன. இழப்பை உடனே அறிவித்தல், மதிப்பீட்டாளர் பார்க்குமுன் இடிபாடுகளை அகற்றாதிருத்தல், மேலும் சேதம் நேராமல் தடுத்தல் ஆகியவை ஒப்பந்தத்தின் வழக்கமான நிபந்தனைகள். வாசகம் விளங்காத மொழியில் இருப்பின் தமிழ்ப் பிரதியையோ எழுத்து விளக்கத்தையோ கையொப்பத்துக்கு முன்னரே கேட்டுப் பெறுவது பிற்காலப் பிணக்குகளைத் தவிர்க்கும். கம்பெனியின் முடிவு நியாயமற்றதெனக் கருதுவோர் நீதிமன்றம் செல்லுமுன் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து, சப்ரகமுவவின் வீடுகளை மூன்று வகையாகப் பிரித்தே காப்புறுதிச் செலவை மதிப்பிட வேண்டும் என்பது தெளிவாகிறது. நகரை அண்டி உறுதிப் பத்திரத்துடன் நிற்கும் வீட்டுக்கு, மீள்கட்டுமானச் செலவுக்கு ஈடான தொகையையும் மண்சரிவு பற்றிய வெளிப்படையான வாசகத்தையும் பெறுவதே முதல் வேலை. சற்று உயர்ந்த கட்டுப்பணத்தில் இவை கிடைக்குமாயின் அதுவே மலிவான ஒப்பந்தம். தோட்டத்தின் புதிய தனிவீட்டுக்கு உறுதி கையளிக்கப்படுவதே காப்புறுதியின் முதற்படி. லயன் குடும்பத்துக்கோ இன்று எட்டக்கூடியது பொருள்காப்புறுதி மட்டுமே. கட்டடத்தையும் நிலத்தையும் பொறுத்தவரை அரசின் திட்டமே அதற்கு ஒரே நம்பிக்கை.

மூன்று வகைக்கும் பொதுவான உண்மை ஒன்று உண்டு. தாங்குமதிலுக்கும் வடிகாலுக்கும் செலவிடும் பணம் ஆண்டுக் கணக்கில் கட்டுப்பணத்தைக் குறைக்கக்கூடும். காப்புறுதியோ அவற்றின் இடத்தை ஒருபோதும் நிரப்பாது. நெடுஞ்சரிவில் நிற்கும் லயனை எந்தக் கட்டுப்பணத்தாலும் பாதுகாப்பாக்க இயலாது என்பதால், அங்கு வாழும் குடும்பத்தை உறுதியுடன் கூடிய காணியில் குடியமர்த்துவதே செலவிலும் குறைந்த, பயனிலும் மிகுந்த காப்பாகும். அக்குடியமர்த்தலுக்குப் பின்னரே, காப்புறுதி எவ்வளவு செலவாகும் என்ற கேள்வி நகரத்து வீட்டுக்காரருக்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கும் ஒரே பொருளில் அமையும்.